ஓசுமியின் கட்டுரைகளும் மேற்கோள் கணக்கும்

2016ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, மூவர் வரை பகிர்ந்துகொள்ள விதி இடந்தரும் அப்பரிசு ஜப்பானியச் செல் உயிரியலாளர் யோஷினோரி ஓசுமி ஒருவருக்கே முழுமையாக வழங்கப்பட்டது. அறிவிப்புடன் நோபல் குழு அவருடைய நான்கு கட்டுரைகளை முதன்மையானவை என்று பெயர் குறிப்பிட்டு வெளியிட்டது: 1992இல் ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி இதழிலும், 1993இல் ஃபெப்ஸ் லெட்டர்ஸ் இதழிலும், 1998, 2000 ஆகிய ஆண்டுகளில் நேச்சர் இதழிலும் வெளிவந்தவை அவை. சோதனை முடிவுகளை முதன்முதலாக அறிவித்த கட்டுரைகளுள், ஓசுமியின் பெயரைத் தாங்கி, உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களால் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரை எதுவோ அது இந்த நான்கில் இல்லை. எம்போ ஜர்னலில் 2000ஆம் ஆண்டு வந்த அக்கட்டுரை, நோபல் குழு சுட்டிய எந்தக் கட்டுரையையும்விடப் பன்மடங்கு மேற்கோள்களைப் பெற்றிருக்கிறது. ஒரே ஆய்வாளரின் பணியை அறிந்தோர் தேர்வு ஒருவிதமாகவும் எண்ணிக்கை வேறுவிதமாகவும் வரிசைப்படுத்தும் இந்த முரண், மேற்கோள் என்னும் அளவுகோல் எதனை அளக்கிறது, எதனைத் தவறவிடுகிறது என்பதை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைகிறது.

ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையில் ஆதாரம் காட்டவோ, செய்முறையைச் சுட்டவோ, மறுத்துரைக்கவோ முன்னவர் ஒருவருடைய கட்டுரையைக் குறிப்பிடுவதே அறிவியல் வழக்கில் மேற்கோள் எனப்படுகிறது. ஒரு கட்டுரை எத்தனை பிற்காலக் கட்டுரைகளில் இவ்வாறு குறிப்பிடப்பட்டது என்று எண்ணுவதற்கான திட்டத்தை அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1955இல் சயின்ஸ் இதழில் முன்வைத்தார். ஒரு தீர்ப்பைப் பின்னர் எந்தெந்தத் தீர்ப்புகள் சுட்டியிருக்கின்றன என்று வழக்கறிஞர்களுக்குக் காட்டிவந்த சட்டக் குறிப்பேடு ஒன்று அமெரிக்காவில் நெடுங்காலமாகப் புழங்கிவந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டே ஃபிலடெல்ஃபியாவில் அவர் நிறுவிய நிறுவனம் 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை முறையாக வெளியிடத் தொடங்கியது. பழைய கட்டுரை ஒன்றிலிருந்து தொடங்கி, அதன் வழிவந்த புதிய கட்டுரைகளைத் தேடிச்செல்ல ஆய்வாளருக்கு உதவுவதே அதன் முதல் நோக்கம். ஆனால் எண்ண முடிந்த ஒன்றை மதிப்பிடவும் பயன்படுத்தும் ஆசை நிர்வாகங்களுக்கு இயல்பாகவே எழும். ஆய்விதழ்களை ஒப்பிடத் தாக்கக் காரணியும், தனி ஆய்வாளர்களை ஒப்பிட 2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்மொழிந்த எச்-குறியீட்டெண்ணும் நடைமுறைக்கு வந்தன. ஒருவர் எழுதியவற்றுள் 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-குறியீட்டெண் 40 ஆகும். உயிரியலாளர்களின் எண் இயற்பியலாளர்களின் எண்ணைவிட இயல்பாகவே உயர்ந்திருக்கும் என்பதை ஹிர்ஷே தம் கட்டுரையில் சுட்டியிருந்தார். பணிநியமனக் குழுக்கள் அந்தப் பகுதியை அவ்வளவாகப் படித்ததாகத் தெரியவில்லை.

ஓசுமியின் ஆய்வுப்பொருள் ஆட்டோஃபேஜி எனப்படும் தன்னுண்ணல். செல் தனக்குள் பழுதுபட்ட அல்லது தேவையற்றுப்போன பகுதிகளை இரட்டைச் சவ்வாலான பையொன்றில் பொதிந்து, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் என்னும் உறுப்புக்குக் கொண்டுசேர்த்து, அங்கே சிதைத்து, கிடைக்கும் அமினோ அமிலங்களையும் பிற மூலப்பொருள்களையும் மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் செயல்முறை இது. லைசோசோமை 1955இல் அடையாளங்கண்ட பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டுவ், 1963இல் லண்டனில் நடந்த கருத்தரங்கொன்றில் இச்செயல்முறைக்குப் பெயரிட்டார். செல்லின் அமைப்பையும் செயலையும் பற்றிய ஆய்வுகளுக்காக 1974இல் அவருக்கு நோபல் பரிசும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆயினும் தன்னுண்ணல் ஆய்வு அடுத்த முப்பதாண்டுகள் சிறிய வட்டத்துக்குள்ளேயே நின்றது. எலியின் கல்லீரல் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்து, சவ்வுப் பைகளை எண்ணுவதே அக்காலத்தின் வழிமுறை. அப்பைகள் சில நிமிடங்களே நிலைத்திருந்து லைசோசோமுடன் கலந்து மறைந்துவிடுபவை. அவற்றை மட்டும் தனித்துக் காட்டும் புரதம் எதுவும் அறியப்பட்டிருக்கவில்லை. இச்செயலை இயக்கும் மரபணு ஒன்றுகூடத் தெரியாது. எந்த மரபணுவையும் நீக்கிப் பார்க்க இயலாத நிலையில், தன்னுண்ணல் நின்றுபோனால் செல்லுக்கு என்ன நேரும் என்ற எளிய கேள்விக்கே விடைகாண வழியில்லை. தாம் தொடங்கிய காலத்தில் இப்பொருள் குறித்து உலகில் ஆண்டுக்கு இருபது கட்டுரைகளுக்கு மேல் வந்திராது என்று ஓசுமி பின்னாளில் கணித்துச் சொன்னார். இருபது கட்டுரைகள் வெளிவரும் துறையில், அத்தனை பேரும் ஒருவரையே மேற்கோள் காட்டினாலும் அவருடைய ஆண்டு வருவாய் இருபதுதான்.

1945இல் ஃபுகுவோகாவில் பிறந்த ஓசுமியின் முதல் இருபதாண்டு ஆய்வு வாழ்வை எண்களால் மதிப்பிட்டிருந்தால் அவருக்குச் சாதகமான முடிவு வந்திராது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1974இல் பெற்ற முனைவர் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்தது, பாக்டீரியாவில் புரத உற்பத்தியை முடக்கும் கோலிசின் என்னும் நச்சுப் புரதத்தை. ஜப்பானில் உடனே வேலை அமையாததால் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு எடல்மேனின் ஆய்வகத்துக்குச் சென்று, பழக்கமே இல்லாத எலிக் கருவுறுதல் ஆய்வில் இறங்கி, பின்னர் அங்கேயே ஈஸ்டில் டிஎன்ஏ இரட்டிப்பு குறித்த வேலைக்கு மாறினார். 1977இல் நாடு திரும்பி யாசுஹிரோ அன்ராகுவின் ஆய்வகத்தில் சேர்ந்தபின், ஈஸ்ட் செல்லில் லைசோசோமுக்கு ஈடான நுண்குமிழியைத் தம் பொருளாகத் தேர்ந்தார். செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தெளிவாகத் தெரியும் இவ்வுறுப்பை அன்று பெரும்பாலோர் செல்லின் குப்பைக்கூடையாகவே கருதினர். கூட்டம் சேராத இடத்தில் வேலை செய்வதையே விரும்பியதாகவும், போட்டி தமக்கு ஒவ்வாதது என்றும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். நுண்குமிழிச் சவ்வின் வழியே அமினோ அமிலங்கள் உட்செல்லும் முறை குறித்து அவர் அக்காலத்தில் செய்த உயிர்வேதியியல் பணி திருத்தமானது. ஆனால் பரபரப்பை எழுப்பும் வகையைச் சேர்ந்ததன்று. 1988இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கோமாபா வளாகத்தில் இணைப்பேராசிரியராகத் தமக்கென ஒரு சிறிய ஆய்வகம் கிடைத்தபோது அவருக்கு வயது 43.

அவ்வாண்டிலேயே அவர் செய்த சோதனையின் அழகு அதன் தருக்கத்தில் இருக்கிறது. நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் இடப்பட்ட ஈஸ்ட் செல் தன் புரதங்களையே சிதைத்து, அதிலிருந்து பெறும் பொருளைக் கொண்டு வித்துகளை உருவாக்குகிறது என்பது தெரிந்திருந்தது. சிதைவு நடப்பது நுண்குமிழியில் என்றால், அங்குள்ள புரதச் சிதைப்பு நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையைப் பட்டினி போட்டால், வந்துசேரும் பொருள்கள் செரிக்கப்படாமல் அங்கேயே தேங்க வேண்டும். தேங்கினால் நுண்ணோக்கியில் தென்பட வேண்டும். அவ்வாறே, சில மணி நேரத்தில் நுண்குமிழிக்குள் சிறு கோளங்கள் திரண்டு இடைவிடாது துள்ளியாடுவதை ஓசுமி கண்டார். மிசுசு பாபாவின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் அக்கோளங்களுக்குள் ரைபோசோம்களும் பிற செல் உள்ளடக்கங்களும் சவ்வால் பொதியப்பட்டிருப்பதைக் காட்டின. பாலூட்டிச் செல்களில் முப்பதாண்டுகளாகப் பார்க்கப்பட்டுவந்த தன்னுண்ணல் ஈஸ்டிலும் நிகழ்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. ஐவர் பெயரில் 1992இல் வெளிவந்த கட்டுரை இதுவே. கண்டதற்கும் அச்சேறியதற்கும் இடையே நான்கு ஆண்டுகள் சென்றன என்பதை, ஆண்டுதோறும் வெளியீட்டுப் பட்டியல் கேட்கும் இன்றைய நிறுவனங்களின் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த படி இதனினும் துணிவானது. வேதிப்பொருள்களால் மரபணுக்களில் சடுதிமாற்றம் விளைவிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஈஸ்ட் வகைகளுள், பட்டினியிலும் நுண்குமிழியில் கோளங்கள் சேராத வகையைத் தேடினால், தன்னுண்ணலுக்கு இன்றியமையாத மரபணு எது என்று தெரியவரும். முதல் வகையை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தே மாணவி மிக்கி சுகாடாவும் ஓசுமியும் கண்டுபிடித்தனர். உணவுள்ள ஊடகத்தில் எக்குறையுமின்றி வளரும் அவ்வகை, நீண்ட பட்டினியில் மட்டும் மற்றவற்றுக்கு முன்பாகவே இறந்துவிடுவதை அவர்கள் கவனித்தனர். உயிரிழப்பை முதல் வடிகட்டியாகவும் நுண்ணோக்கியை இரண்டாவதாகவும் வைத்துத் தேடலை விரைவாக்கியபோது, 15 வெவ்வேறு மரபணுக்களில் பழுதுற்ற வகைகள் கிட்டின. இவை ஏபிஜி1 முதல் ஏபிஜி15 வரை எண்ணிடப்பட்டன. வசதியான சூழலில் இவற்றுக்குக் குறையே தெரியாது என்பதுதான் அதுவரை எவர் கண்ணிலும் இவை படாமைக்குக் காரணம். பட்டினி என்ற கேள்வியைக் கேட்டவருக்கே அவை விடையளித்தன. ஆறு பக்க அளவிலான இக்கட்டுரை, விரைவான சிறு அறிக்கைகளை வெளியிடும் ஃபெப்ஸ் லெட்டர்ஸ் இதழில் 1993இல் வந்தது. பின்னாளில் ஒரு துறையின் அடித்தளம் என்று போற்றப்பட்ட பட்டியல், உயர் மதிப்பு இதழ் எதிலும் இடம்பெறவில்லை.

தாக்கக் காரணியின் போதாமை இவ்விடத்தில் வெளிப்படுகிறது. ஓர் ஆய்விதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் குறிப்பிட்ட ஓராண்டில் பெற்ற மேற்கோள்களை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் சராசரியே தாக்கக் காரணி. ஈஸ்டின் 15 வகைகளை வைத்துக்கொண்டு ஓசுமியின் குழு முதல் மரபணுவைப் பிரித்தெடுத்து வெளியிட்டதே 1996இல்தான். அதாவது கட்டுரையை எழுதியவர்களே அதன் விளைவை அறுவடை செய்ய மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டாண்டு சாளரம் மூடப்பட்ட பின்னரே 1993ஆம் ஆண்டுக் கட்டுரையின் வாழ்வு தொடங்கியது. இன்னொரு புறக்காரணமும் உதவியது: 1996இல் ஈஸ்டின் முழு மரபணுத்தொகுதியும் வரிசைப்படுத்தப்பட்டதால், சடுதிமாற்றம் நேர்ந்த இடத்தைக் கண்டறிவதும், அதே மரபணுவின் இணை மனிதரிடம் உள்ளதா எனத் தேடுவதும் எளிதாயின.

இதே காலத்தில் வேறு இரு வழிகளில் சென்றவர்களும் அதே மரபணுக்களை எட்டியிருந்தனர். ஜெர்மனியில் மிகாயேல் தும்மும் உடன்பணியாளர்களும் 1994இல் ஏயுடி என்று பெயரிட்ட வகைகளைக் கண்டனர். அமெரிக்காவில் டேனியல் கிளியோன்ஸ்கியின் குழு, நுண்குமிழிக்குச் செல்லும் ஒரு நொதியின் பாதையை ஆராய்ந்து சிவிடி என்ற தொகுதியைப் பெற்றது. பொருந்திப் பார்த்தபோது இவற்றுள் பல ஒன்றே எனத் தெரிந்தது. ஒரே மரபணு மூன்று பெயர்களில் வழங்கியதால் இலக்கியத் தேடல் சிதறியது. 2003இல் ஆய்வாளர்கள் கூடி ஏடிஜி என்ற பொதுப்பெயரை ஏற்றனர்.

1996இல் ஒகசாகியில் உள்ள தேசிய அடிப்படை உயிரியல் நிறுவனத்துக்கு ஓசுமி பேராசிரியராகச் சென்றபின், ஆய்வகம் விரிந்தது. நொபொரு மிசுஷிமாவும் தமோட்சு யோஷிமோரியும் அங்கே வந்துசேர்ந்தனர். 1998ஆம் ஆண்டின் நேச்சர் கட்டுரை, ஏபிஜி12 என்ற புரதம் ஏபிஜி5 என்ற புரதத்துடன் வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொள்வதைக் காட்டியது. சிதைக்கப்பட வேண்டிய புரதங்களுக்கு அடையாளமாக ஒட்டப்படும் யுபிகுவிட்டின் என்னும் சிறுபுரதம் எவ்வாறு பிணைக்கப்படுகிறதோ அதே மாதிரியான நொதிச் சங்கிலி இதிலும் செயல்பட்டது. 2000ஆம் ஆண்டுக் கட்டுரை அதைவிட வியப்பானது: ஏபிஜி8 என்ற புரதம் இன்னொரு புரதத்துடன் ஒட்டாமல், சவ்வில் உள்ள பாஸ்பாடிடைல் எத்தனாலமைன் என்னும் கொழுப்பு மூலக்கூறுடனேயே ஒட்டிக்கொண்டது. புரதத்தைக் கொழுப்புடன் இணைக்க யுபிகுவிட்டின் போன்ற ஏற்பாடு பயன்படும் என்று அதுவரை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. நோபல் குழு சுட்டிய நான்கில் இறுதி இரண்டு இவையே.

இனி, பட்டியலில் இடம்பெறாத அந்தக் கட்டுரை. ஏபிஜி8இன் பாலூட்டி இணையாக எல்சி3 என்ற புரதம் இருந்தது. செல்லின் உட்சட்டகமான நுண்குழல்களோடு தொடர்புடையதாக மூளையில் முன்னரே அறியப்பட்டிருந்த அதனை, தன்னுண்ணலோடு எவரும் தொடர்புபடுத்தியிருக்கவில்லை. யுகிகோ கபேயாவை முதல் ஆசிரியராகவும் யோஷிமோரியை இறுதி ஆசிரியராகவும் கொண்ட ஒன்பதின்மர் கட்டுரை, எல்சி3 இரு வடிவங்களில் இருப்பதையும், அவற்றுள் இரண்டாம் வடிவம் தன்னுண்ணல் பைகளின் சவ்வில் ஒட்டியிருப்பதையும், அதன் அளவு பைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடிக் குறைவதையும் நிறுவியது. இதன் நடைமுறை விளைவு பெரிது. எலக்ட்ரான் நுண்ணோக்கியும் அதனைக் கையாளத் தெரிந்தவரும் இல்லாத ஆய்வகம்கூட, புரதங்களை மின்புலத்தில் பிரித்து எதிர்ப்பொருளால் அடையாளங்காணும் வெஸ்டர்ன் பிளாட் என்னும் அன்றாடச் சோதனையைக் கொண்டே தன் செல்களில் தன்னுண்ணல் கூடியிருக்கிறதா என்று ஒரு நாளில் சொல்லிவிட முடிந்தது. புற்றுநோய், நரம்புச்சிதைவு, காசநோய், நீரிழிவு, முதுமை என்று எதனை ஆராய்பவராயினும் எல்சி3 சோதனையைச் செய்தார். செய்தவர் கபேயா கட்டுரையைச் சுட்டினார். ஏபிஜி8 கொழுப்புடன் ஒட்டுகிறது என்ற கண்டுபிடிப்பு இல்லாமல் எல்சி3இன் இரண்டாம் வடிவம் என்னவென்றே விளங்கியிருக்காது. ஆனால் சோதனையைச் செய்பவருக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

அறிவியல் இலக்கியம் முழுவதிலும் காணப்படும் போக்கின் ஒரு கிளையே இது. வரலாற்றில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, கரைசலில் உள்ள புரதத்தின் அளவைக் கணிக்கும் முறையொன்றை ஆலிவர் லௌரியும் உடன்பணியாளர்களும் 1951இல் விவரித்தது. அதன் மேற்கோள்கள் 3 லட்சத்தைக் கடந்துவிட்டன. அது தம் சிறந்த கட்டுரையல்ல என்பதை லௌரி நன்கு அறிந்திருந்தார், அதன் புகழை உள்ளூர இரசித்தார் என்பதும் பதிவாகியுள்ளது. 2014இல் நேச்சர் இதழ் வெளியிட்ட முதல் நூறு கட்டுரைகளின் பட்டியலில் நுழைவதற்கே 12,000க்கு மேற்பட்ட மேற்கோள்கள் தேவைப்பட்டன. அதில் பெரும்பாலானவை செய்முறைகளும் கணினி நிரல்களும் பற்றியவை. டிஎன்ஏயின் இரட்டைச் சுருளை அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அங்கே இடமில்லை. மேற்கோள், இந்த அளவில், பயன்பாட்டின் கணக்கு. அதனை இகழ வேண்டியதில்லை. நல்ல கருவி செய்வதும் அறிவியலே, எல்சி3 இல்லாதிருந்தால் இத்துறை இவ்வேகத்தில் வளர்ந்திருக்காது. பயன்பாட்டின் கணக்கைக் கண்டுபிடிப்பின் கணக்காக வாசிக்கும்போதுதான் பிழை நேர்கிறது.

எச்-குறியீட்டெண் இச்சிக்கலைத் தீர்ப்பதுபோலத் தோன்றி வேறொன்றை உண்டாக்குகிறது. ஒரு கட்டுரை எத்தனை ஆயிரம் முறை சுட்டப்பட்டாலும் அந்த எண்ணில் அதன் பங்கு ஒன்றே ஆகையால், எல்சி3 கட்டுரையின் மிகைப்பாடு இதில் அடங்கிவிடுகிறது. கூடவே 1993ஆம் ஆண்டுப் பட்டியலும், ஐம்பதாவது இடத்தில் உள்ள ஏதோவொரு துணைக் கட்டுரையும் சமநிலை பெற்றுவிடுகின்றன. யார் செய்தது என்ற கேள்வியும் மறைகிறது. செல் உயிரியலில் சோதனையை முன்னின்று செய்தவர் பெயர் முதலிலும், ஆய்வை வழிநடத்தியவர் பெயர் இறுதியிலும் வருவது மரபு. 1993ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருவரே ஆசிரியர், வழிநடத்தியவர் ஓசுமி. எல்சி3 கட்டுரையில் அவர் பெயர் இறுதிக்கு முந்தையது. குறியீட்டெண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

1990களின் இறுதியிலிருந்து துறை பெருகிய விதமும் எண்ணிக்கையைப் புரிந்துகொள்ள உதவும். 1999இல் பெத் லெவினின் குழு, ஈஸ்டின் ஏபிஜி6க்கு இணையான பெக்லின் 1 என்ற மனித மரபணு புற்றுக்கட்டியின் வளர்ச்சியை ஒடுக்குவதாகக் காட்டித் தன்னுண்ணலை மருத்துவத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தது. தனி ஆய்வகம் அமைத்துக்கொண்ட மிசுஷிமா, எல்சி3 ஒளிரும் எலிகளை உருவாக்கினார். பிறந்தவுடன் தாயின் வழி ஊட்டம் அறுபடும் இடைவெளியைத் தாண்டுவதற்கு எலிக்குட்டிக்குத் தன்னுண்ணல் இன்றியமையாதது என்று 2004இல் அவருடைய குழு நிறுவியது. நரம்புச் செல்களில் மட்டும் இச்செயலை நிறுத்தினால், வேறெந்த நோய்க்காரணமும் இல்லாமலேயே அவற்றில் புரதக் கழிவு திரண்டு அவை சிதைகின்றன என்று 2006இல் இரு ஜப்பானியக் குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. குரோன் நோய் என்னும் குடலழற்சிக்கும் ஏடிஜி16எல்1 மரபணுவின் ஒரு மாறுபாட்டுக்கும் உள்ள தொடர்பு 2007இல் வெளிப்பட்டது. நோபல் பரிசின்போது ஆண்டுக்கு 5,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் வெளிவந்துகொண்டிருந்தன. மேற்கோள் காட்டக்கூடியவர்களின் கூட்டம் இவ்வாறு இருநூற்றைம்பது மடங்குக்கு மேல் பெருகிய நிலையில், பழைய கட்டுரையின் எண்ணிக்கை உயர்வதில் அக்கட்டுரையின் தகுதியோடு கூட்டத்தின் அளவும் கலந்திருக்கிறது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் மத்தேயு விளைவு என்று விவரித்த இயல்பும் இதனுடன் சேரும்: புகழ்பெற்றவருக்கே மேலும் புகழ் சேர்வதுபோல், பலரால் சுட்டப்பட்ட கட்டுரையே மேலும் பலரால் படிக்கப்படாமலேயே சுட்டப்படுகிறது.

இதன் உச்சமாக ஒன்றைச் சொல்லலாம். எல்சி3 சோதனை எளிதானதாலேயே அதனைத் தவறாகப் பொருள்கொள்வதும் பெருகியது. பைகள் மிகுதியாகத் தெரிந்தால் தன்னுண்ணல் கூடிவிட்டது என்று பலர் முடிவுகட்டினர், ஆனால் பைகள் லைசோசோமைச் சேராமல் முடங்கினாலும் அவை மிகுந்தே காணப்படும். இத்தகைய பிழைகளைத் தடுக்க, கிளியோன்ஸ்கி முன்னின்று 2008 முதல் சில ஆண்டுகளுக்கொருமுறை வழிகாட்டு நெறிகளைத் தொகுத்து வெளியிட்டார். 2016ஆம் ஆண்டுப் பதிப்புக்கு 2,000க்கு மேற்பட்டோர் ஆசிரியர்களாயினர். ஒரு துறையின் பெரும்பகுதியே கையொப்பமிட்ட அவ்வாவணம் ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்றது. இரண்டு வரி திருத்தம் அனுப்பியவரின் கணக்கிலும் அந்த ஆயிரங்கள் சேர்ந்தன. நெறிகளின் பயன் ஐயத்துக்கு இடமற்றது. கணக்கு முறையின் நிலை வேறு.

இம்முறைக்கு எதிரான வலுவான குரல் செல் உயிரியலாளர்களிடமிருந்தே எழுந்தது என்பது தற்செயலன்று. ஓசுமியின் 1992ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட அதே ஜர்னல் ஆஃப் செல் பயாலஜியின் ஆசிரியர்கள், தாக்கக் காரணிக்கு அடிப்படையான தரவுகளை விலைகொடுத்து வாங்கிச் சரிபார்த்தபோது, வெளியிடப்பட்ட எண்களைத் தம்மால் மீண்டும் பெற இயலவில்லை என்று 2007இல் எழுதினர். 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கச் செல் உயிரியல் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தில் இதழாசிரியர்களும் ஆய்வாளர்களும் கூடி உருவாக்கிய அறிவிக்கை, டோரா என்ற சுருக்கப்பெயரில் அடுத்த ஆண்டு வெளியாயிற்று. நியமனத்திலும் நிதி ஒதுக்கீட்டிலும் இதழின் தாக்கக் காரணியைத் தனிக் கட்டுரையின் தரத்துக்கு ஈடாகக் கொள்ளக்கூடாது என்பது அதன் முதற்பரிந்துரை. கையொப்பமிட்ட நிறுவனங்கள் பல. அவற்றுள் நடைமுறையை மாற்றிக்கொண்டவை அந்த அளவுக்குப் பல என்று சொல்ல முடியாது.

எனினும் மேற்கோள் கணக்கை முழுவதும் தள்ளிவிடுவதற்கு ஓசுமியின் வரலாறே இடந்தரவில்லை. மேற்கோள் தரவுகளின் அடிப்படையில் நோபல் தகுதியுடையோரை அந்நாளில் ஆண்டுதோறும் முன்மொழிந்துவந்த தாம்சன் ராய்ட்டர்ஸ் நிறுவனம், 2013இலேயே, பரிசுக்கு மூன்றாண்டுகள் முன்பாக, தன்னுண்ணல் ஆய்வைத் தேர்ந்து கிளியோன்ஸ்கி, மிசுஷிமா, ஓசுமி ஆகிய மூவரின் பெயரை வெளியிட்டது. எந்தத் துறை பரிசுக்குரியது என்பதை எண்கள் சரியாகவே காட்டின. அத்துறைக்குள் யார் முதலில் கதவைத் திறந்தார் என்பதைக் காட்ட அவற்றால் இயலவில்லை. அதற்கு 1992, 1993 ஆகிய ஆண்டுகளின் கட்டுரைகளைத் திறந்து, தேதிகளை ஒப்பிட்டு, எந்தச் சோதனை எதனைச் சாத்தியமாக்கியது என்று படித்தறிய வேண்டியிருந்தது. தும்மும் கிளியோன்ஸ்கியும் லெவினும் விடுபட்டது முறையா என்று கேட்போர் இருக்கிறார்கள், அக்கேள்வியில் நியாயமும் உண்டு. அதனை விவாதிப்பதற்கும் வாசிப்பே வழி, கூட்டல் உதவாது.

கணக்கிலிருந்து நழுவும் இன்னொரு வகைத் தாக்கமும் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு பொதுஅறிவாகிவிட்டால் அதன் மூலக்கட்டுரையைச் சுட்டும் தேவை எவருக்கும் தோன்றாது. உள்வாங்கப்படுவதாலேயே மூலம் மறைகிறது என்று மெர்ட்டன் இதனை விளக்கினார். புதிதாக எழுதுவோர் அண்மைக்கால மீளாய்வுக் கட்டுரையொன்றைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடுவதால், முதல் சோதனைக்கு உரிய மேற்கோள் அதனைத் தொகுத்தவருக்குப் போய்ச்சேர்கிறது. ஓசுமியின் பணியில் இம்மறைவு ஒரு தனித்த வடிவம் கொண்டது. 2003இல் பொதுப்பெயர் முடிவானபோது எழுத்துகள் மாறினவே தவிர, பெரும்பாலும் அவருடைய எண்வரிசையே தக்கவைக்கப்பட்டது: ஏபிஜி5 ஏடிஜி5 ஆயிற்று, ஏபிஜி7 ஏடிஜி7 ஆயிற்று. எனவே ஏடிஜி5 நீக்கப்பட்ட எலியைப் பற்றியோ ஏடிஜி7 குறைபாடுள்ள நோயாளியைப் பற்றியோ இன்று எழுதப்படும் ஒவ்வொரு கட்டுரையும், தன் ஆதாரப் பட்டியலில் ஃபெப்ஸ் லெட்டர்ஸ் இதழின் பெயரே இல்லாதிருப்பினும், கோமாபாவின் சிறிய ஆய்வகத்தில் பட்டினியால் முந்தி இறந்த ஈஸ்ட் வகைகளுக்கு இடப்பட்ட எண்ணைத்தான் எழுதுகிறது.